பிரசவ வேதனையும் கடிகாரமும்

குழந்தை பிறந்ததும் நம்மவர் வீடுகளில் எழும் முதற் கேள்வி ஆணா, பெண்ணா என்பது, அடுத்த கேள்வி, "மணி என்ன?" என்பது. மணியும் நிமிஷமும் பிசகாமல் குறித்துக் கொண்டாலன்றி ஜாதகம் கணிக்க இயலாதென்பதே அதற்குக் காரணம். நாழிகை வட்டில் வைத்து நேரம் அளந்த காலந் தொட்டுக் கைப்பேசியில் விநாடி பார்க்கும் இக்காலம் வரை இவ்வழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. ஆனால், அக்குழந்தையைப் பெறுவதற்காக இரவெல்லாம் துடித்த தாயின் வலி எப்போது தொடங்கிற்று, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை வந்தது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால், விடை கூறுவார் மிகச் சிலரே. பிறந்த பின் பார்க்கும் கடிகாரத்தைப் பிறக்கு முன்னே பார்க்க மனிதகுலம் எவ்வாறு கற்றது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

கருப்பை என்பது தசையாலான ஒரு பை. அது சுருங்கும்போது வலி உண்டாகிறது. தளரும்போது வலி அடங்குகிறது. ஒவ்வொரு சுருக்கமும் கருப்பையின் வாயைச் சிறிது சிறிதாகத் திறக்கின்றது. தளர்ந்திருக்கும் இடைவேளையிலோ தாயின் இரத்தம் தடையின்றிப் பாய்ந்து குழந்தைக்குப் பிராணவாயு அளிக்கின்றது. எனவே, வலி எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் வலியில்லாத அந்த இடைவேளையும். இவ்விரண்டையும் அளப்பது எளிது. ஒரு வலி தொடங்கியது முதல் அடுத்த வலி தொடங்கும் வரையில் உள்ள நேரம் ஒன்று. ஒரு வலி தொடங்கியது முதல் அதுவே அடங்கும் வரையில் உள்ள நேரம் மற்றொன்று. பிரசவம் முறையாக நடைபெறுங்கால் பத்து நிமிஷத்துக்குள் மூன்று, நான்கு வலிகள் வரும். ஒவ்வொன்றும் நாற்பது விநாடிக்கு மேல் நிற்கும். நம் முன்னோர் கணக்கில் ஒரு விநாழிகை என்பது 24 விநாடி. ஆகவே, வலுவான வலி ஏறத்தாழ இரண்டு விநாழிகை நேரம் நீடிப்பது எனலாம்.

நம் மருத்துவச்சிகள் இதனை அறியாதவர்களல்லர். வயிற்றின் மேல் கையை வைத்தே வலியின் வலுவை உணர்ந்தார்கள். வந்திருப்பது சூட்டு வலியா, பிரசவ வலியா என்று ஐயம் தோன்றினால் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார்கள். அடங்கினால் சூட்டு வலி, மிகுந்தால் பிரசவ வலி என்பது அவர்களுடைய முடிவு. கர்ப்ப காலம் முழுவதிலுமே கருப்பை இடையிடையே சுருங்குவதுண்டு என்பதை ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1872-ஆம் வருஷத்தில் எடுத்துக் காட்டினார். பொய் வலி என்பது பெண்ணின் மனப் பிராந்தியன்று, மெய்யாகவே கருப்பை செய்யும் வேலை என்பது அதனால் விளங்கிற்று. மெய் வலியின் இடைவெளி வரவரக் குறுகும். பொய் வலியின் இடைவெளிக்கு ஓர் ஒழுங்கு இராது. இவ்வேறுபாட்டைக் கஷாயமின்றியே காட்டவல்லது கடிகாரம்.

விநாடி காட்டும் கைக்கடிகாரம் வைத்தியர் கையில் வந்து சேர்ந்ததும் ஒரு சரித்திரமே. இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு நகரத்து வைத்தியரான ஸர் ஜான் ஃபிளாயர் என்பார், ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதைக் கொண்டு நாடித் துடிப்பை எண்ணும் முறையை 1707-ஆம் வருஷத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். நோயாளியின் உடம்பில் நிகழ்வதை எண்ணால் எழுதலாம் என்னும் கருத்து அவரால் வலுப்பெற்றது. ஆயினும், எண்ணி எழுதினால் மட்டும் உயிர் பிழைத்துவிடுமா? இக்கேள்விக்கு விடையளிக்கும் துயரச் சம்பவம் ஓர் அரச மாளிகையிலேயே நடந்தது.

பிரிட்டிஷ் சிம்மாசனத்துக்கு உரியவளாயிருந்த இளவரசி ஷார்லட், 1817-ஆம் வருஷம் நவம்பர் 3-ஆந் தேதி, கிளேர்மான்ட் மாளிகையில் பிரசவ வலி கண்டாள். வயது 21, தலைப் பிரசவம். கருப்பை வாய் முழுதும் திறப்பதற்கு 26 மணி நேரம் ஆயிற்று. அதன் பின்னும் 24 மணி நேரம் குழந்தை வெளிவரவில்லை. ஆக, ஐம்பது மணி நேரம்! ஸர் ரிச்சர்டு கிராஃப்ட் என்னும் வைத்தியர் உடனிருந்தார். குழந்தையை வெளியே எடுக்கும் ஆயுதமும் அக்காலத்தில் உண்டு. ஆனால் அது கையாளப்படவில்லை. குழந்தை உயிரற்றுப் பிறந்தது; சில மணி நேரத்தில் தாயும் இறந்தாள். மூன்று மாதத்துக்குப் பின் கிராஃப்டு தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் கொடியவரல்லர், இயற்கையின் போக்கில் குறுக்கிடலாகாது என்னும் அக்காலக் கொள்கையை அனுசரித்தவரே. அம்மாளிகையில் மணி பார்ப்பவர்க்குக் குறைவில்லை. எந்த மணிக்குமேல் காத்திருக்கக் கூடாது என்று சொல்லும் விதிதான் இல்லை.

அவ்விதியைத் தேடும் முயற்சியில் முக்கியமான அடி 1954-ஆம் வருஷத்தில் வைக்கப்பட்டது. நியூயார்க் நகரத்து வைத்தியர் இமானுவேல் ஃபிரீட்மன், தலைப் பிரசவக்காரிகள் நூறு பேரைக் கவனித்து, நேரம் செல்லச் செல்லக் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறக்கிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டினார். அதுவரை வைத்தியரின் நினைவிலும் தாதியின் வாய்மொழியிலும் இருந்த செய்தி, ஒரு தாளில் எவரும் காணத்தக்கதாயிற்று.

அடுத்த அடி பெரும் பணக்கார தேசத்திலன்று, ஆப்பிரிக்காவிலே வைக்கப்பட்டது. இன்று ஜிம்பாப்வே எனப்படும் நாட்டில் வைத்தியர்கள் மிகக் குறைவு. பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் தாதிகளே. பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்போது அனுப்புவது என்பதே அவர்களுடைய சங்கடம். அங்கே பணிபுரிந்த ஃபில்பாட், காஸில் என்னும் இருவர், 1972-ஆம் வருஷத்தில் அத்தாளின் மேல் இரண்டு கோடுகளை வரைந்து கொடுத்தார்கள். முதற்கோடு எச்சரிக்கைக் கோடு. நான்கு மணி நேரம் தள்ளி வரைந்த மற்றது செயற்கோடு. பிரசவம் முதற்கோட்டைத் தாண்டிப் பின்தங்கினால், தாயை உடனே வண்டியேற்ற வேண்டும். இரண்டாவது கோட்டை அடைவதற்குள் அவள் வைத்தியரிடம் சேர்ந்திருக்க வேண்டும். ஷார்லட்டின் படுக்கையருகே இல்லாதிருந்த விதி இதுவே. வலிகளுக்கும் அத்தாளில் இடமுண்டு: பத்து நிமிஷத்துக்கு எத்தனை வலியோ அத்தனை கட்டங்கள், இருபது விநாடிக்குக் குறைந்த வலிக்குப் புள்ளிகள், நாற்பதுக்கு மேற்பட்டதற்கு முழுக் கறுப்பு.

இம்முறையைச் சோதித்துப் பார்த்த பெருமையில் நமது மலேசியாவுக்கும் பங்குண்டு. இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்று தேசங்களின் ஆஸ்பத்திரிகளில் 35,484 பெண்களைக் கொண்டு உலகச் சுகாதார ஸ்தாபனம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1994-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்த பிரசவங்கள் நூற்றுக்கு 6.4-லிருந்து 3.4-ஆகக் குறைந்தன, உயிரற்றுப் பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு 0.5-லிருந்து 0.3-ஆகக் குறைந்தன. வலியை மிகுவிக்க மருந்தேற்றும் அவசியமும் நூற்றுக்கு 20.7-லிருந்து 9.1-ஆகத் தாழ்ந்தது. ஒரு தாளும், ஒரு பென்சிலும், ஒரு கடிகாரமும், அவற்றைக் கண்டு செயல்படத் தெரிந்த ஒரு தாதியும் செய்த வேலை இது!

ஆனால், வேலைக்காரன் எஜமானனாகிவிடும் அபாயம் எங்குமுண்டு. கடிகாரமும் அதற்கு விலக்கன்று. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே தீர வேண்டும் என்பதைச் சில இடங்களில் கட்டளையாகக் கொண்டார்கள். மெதுவாகத் திறக்கும் உடம்புகளும் உண்டென்பதை மறந்து, தாயும் சேயும் நலமாயிருக்கையிலேயே மருந்தையும் கத்தியையும் நாடினார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனமே 2018-ஆம் வருஷத்தில் இதனைத் திருத்தி, அந்த அளவு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும், மெதுவாய் நடைபெறுவது ஒன்றையே காரணமாகக் கொண்டு குறுக்கிடலாகாது என்றும் அறிவித்தது. 2020-இல் அது வெளியிட்ட புதிய தாளில், தாய்க்கு உற்ற துணை ஒருவர் அருகிலிருக்கின்றாரா என்று குறிப்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பது நம் உள்ளத்தை மகிழ்விக்கின்றது.

இன்று அக்கடிகாரம் கைப்பேசியாகி ஒவ்வொருவர் கையிலும் இருக்கின்றது. வலி தொடங்கும்போது ஒரு முறை தொட்டு, அடங்கும்போது மறுமுறை தொட்டால், இடைவெளியையும் நீளத்தையும் அதுவே கணக்கிட்டு வரிசையாகக் காட்டுகின்றது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிஷ நேரம் நிற்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் புறப்படலாம் என்று தலைப் பிரசவக்காரிகளுக்குப் பல இடங்களில் சொல்கிறார்கள். வீடு தொலைவிலிருந்தாலும், முன்னரே பிள்ளை பெற்றவளாயினும் அவ்வளவு காத்திருத்தல் தகாது. கைப்பேசி அறியாதவையும் பல உண்டு. பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் கண்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், மாதம் நிரம்பு முன் வலி வந்தாலும், கணக்குப் பார்த்துக் கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

அக்கருவியைப் பிடித்துக் கொண்டிருக்க வேண்டியவர் யார்? வலியால் துடிப்பவளே அதையும் பிடிக்க வேண்டுமென்பது நியாயமாகாது. வெளித் திண்ணையில் உலாவிக் கொண்டிருந்த கணவன்மாருக்கு ஏற்ற வேலை இது. மனைவியின் ஒரு கையைத் தன் ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையிலுள்ள கருவியில் வலியைக் குறிப்பானாயின், அவள் படும் பாடு எத்தகையதென்பதையும் அவன் உள்ளபடி அறிவான்.

நல்ல நேரம் பார்த்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும் படித்தவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் அஞ்சிக் கடிகாரத்தைப் பார்க்கும் கண்கள், தாயின் வலியை அறிவதற்காக அதைப் பார்க்கப் பழகுமாக. பிறந்த நேரத்தைக் குறித்து வைப்பதில் தவறில்லை. ஆனால், அக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சத் தாய் உயிரோடிருக்க வேண்டும். அதற்கு உதவும் நேரமே நல்ல நேரம்.