தட்டிப் பார்த்ததில் கிடைத்த உலோகம்

எங்கள் சங்கரன்கோவில் பக்கம் மண்பானை வாங்குகிறவர்கள் அதைச் சுண்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். ‘ணங்’ என்றால் நல்ல பானை. சத்தம் அமுங்கினால் எங்கோ விரிசல். பாலிடெக்னிக்கில் உலோகவியல் நடத்திய நாட்களில், நிட்டினால் பாடம் வரும்போதெல்லாம் இந்தப் பானையில்தான் ஆரம்பிப்பேன். அந்த உலோகக் கலவையின் குணம் வெளிப்பட்டதே சத்தத்தால்தான்.

1959-இல் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணையின் முனைப்பகுதிக்கு ஏற்ற உலோகம் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலையும் டைட்டானியத்தையும் சேர்த்து உருக்கிக் கட்டிகளாக வார்த்தார். ஆறிப்போன கட்டி ஒன்றைத் தரையில் போட்டார். ஈயம் விழுந்தாற்போல மந்தமான சத்தம். உள்ளே நுண்விரிசலோ என்று சந்தேகம். சூடு ஆறாத இன்னொன்றைப் போட்டார். கோயில் மணிபோல ஒலித்தது! அதைத் தண்ணீர்க் குழாயில் காட்டிக் குளிரவைத்துப் போட்டால் மறுபடியும் மந்தம். விரிசல் இல்லை, சூட்டுக்குத் தக்கபடி உள்ளே அணுக்களின் அடுக்கே மாறுகிறது என்று புரிந்தது.

1961-இல் நடந்த கூட்டமொன்றில் இதன் மெல்லிய தகட்டை விசிறிபோல மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். டேவிட் மஸ்ஸி என்ற அதிகாரி விளையாட்டாகத் தன் லைட்டரால் அதைச் சூடுகாட்ட, தகடு தானாகவே நிமிர்ந்துகொண்டது. தங்கம்-காட்மியம் கலவையில் இந்தக் குணம் 1951-லேயே தெரிந்திருந்தது. ஆனால் தங்கம் விலை, காட்மியம் நஞ்சு. நிட்டினாலில்தான் அது உபயோகத்துக்கு வந்தது.

நிட்டினால் கம்பியில் மின்சாரம் செலுத்தினால் சூடேறி ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். ஆறியபின் சிறு ஸ்பிரிங் ஒன்று அதைப் பழையபடி இழுத்துவிடும். மோட்டாரும் பல்சக்கரமும் இல்லாத ஒரு தசை! 1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் வண்டியில், சூரியமின் தகட்டின் மேலிருந்த கண்ணாடியை நகர்த்தியது இப்படியொரு கம்பிதான்.

குறை என்னவென்றால், சூடேற்றுவது சுலபம், ஆறுவதற்கு நேரமாகும். தடித்த கம்பி மெதுவாகத்தான் வேலை செய்யும். டம்ளரில் உள்ள காபியை வட்டாவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறதல்லவா? அதே தந்திரம்தான். 1990 வாக்கில், தலைமுடியைவிட மெல்லிய படலமாக இந்தக் கலவையைப் பூசும் முறை வந்தது. பொருள் சிறுத்தால் ஆறும் வேகம் கூடும். அதனால்தான் மிகச் சிறிய வால்வுகள், இடுக்கிகள், செல்போன் கேமராவின் லென்ஸை நகர்த்தும் கம்பிகள் என்று இது நுண்ணுலகத்துக்குள் நுழைந்தது.

நம் நாட்டில் 2000-இல் திறன்மிகு பொருட்களுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. பெங்களூரு தேசிய விண்பயண ஆய்வகம் நிட்டினாலைத் தயாரிக்க முனைந்தது. இது லேசான வேலையல்ல. நிக்கல் அணுக்களின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூடினாலே, உருமாறும் வெப்பநிலை பத்து டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஐம்பது டிகிரியில் அசைய வேண்டிய கருவி நாற்பதிலேயே அசைந்தால் என்னாகும்? உருக்கும் பக்குவமும் பதப்படுத்தும் பக்குவமும் புத்தகத்தில் முழுதாகக் கிடைப்பதில்லை, கைப்பழக்கமாகத்தான் சேரவேண்டும். இன்று இந்தூர் ஐ.ஐ.டி.யில் பாலிஇமைடு தாளின் மீது இந்தப் படலத்தைப் பூசி, சூட்டில் வளையும் சிறு இயக்கிகளை உருவாக்குகிறார்கள்.

உங்கள் வீட்டில் பல்லுக்குக் கம்பி கட்டிய பேரனோ பேத்தியோ இருக்கிறார்களா? அந்தக் கம்பியும் நிட்டினாலாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.