பூட்டிய வீடும் பழைய வால்வும்

காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பன் இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கி, ஊரருகே தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்பு நிலையம் கண்டு, 1947இல் 'நாம் இருவர்' படத்தைத் தந்தார். செட்டிநாட்டின் ஒலி மரபு அத்தகையது.

பழைய தட்டுகளைக் கேட்க இன்று நம்மில் சிலர் நாடுவது, பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953இல் இங்கிலாந்தில் வெளியிட்ட குவாட் 2 ஆம்ப்ளிஃபயரை. ஒவ்வொன்றிலும் இரண்டு கேடி66 வால்வுகள். 15 வாட் திறன். நெடுநாள் உறங்கிய கருவிக்கு உடனே மின்சாரம் தருதல் தகாது. நலிந்த மின்தேக்கி பழுதானால், கிடைத்தற்கரிய மின்மாற்றியும் எரியக்கூடும். ஆதலால் மின்தேக்கிகளை முதலில் சோதித்து மாற்றுகிறோம்.

அசல் கெட்டுவிட்டது என்பார் உண்டு. பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றாவிடில், மழைநீர் பர்மாத் தேக்கையே அரித்துவிடும். ஓடு மாறினால் வீடு மாறுவதில்லை. பாடாத கருவியை அலமாரியில் காத்து யாது பயன்?