மாஸ்ட் செல் நோயும் எலும்புப்புரையும்: வன்னியில் சிகிச்சைத் தெரிவு

ஒவ்வாமையின்போது ஹிஸ்டமினை வெளியிடும் மாஸ்ட் செல்களை 1878இல் பவுல் எர்லிக் விவரித்தார். கிட் மரபணுவில், பெரும்பாலும் 816ஆம் இடத்தில் நேரும் மாற்றத்தால் இவை என்பு மச்சையில் பெருகுவதே தொகுதிசார் மாஸ்டோசைட்டோசிஸ். அவற்றின் சுரப்புகள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுவதால் முள்ளந்தண்டு நொய்ந்துபோகிறது. ஐம்பது வயதைத் தொடாத ஆண்களையும் இது விடுவதில்லை. நெல்மூட்டை தூக்கியபின் வரும் நாரி நோவை வன்னியில் வேலைக் களைப்பென்றே விட்டுவிடுவார்கள். விழாமலே முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் அப்படி விடமுடியாது. காசநோய், மச்சைப் புற்றுநோய், ஸ்டீரொயிட் பாவனை எதுவும் இல்லையென்றால் மாஸ்ட் செல்லைத் தேடவேண்டும்.

எலும்புக்குக் கொடுப்பது எப்படியும் பிஸ்பொஸ்பொனேட்தானே, அரிய நோயைத் தேடி என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் அது எலும்பை மட்டுமே பார்க்கிறது. இந்நோயாளி ஒரு குளவிக் கொட்டில் இரத்த அழுத்தம் சரிந்து இறக்கக்கூடும். சிலருக்கு டைக்ளோபெனாக் போன்ற வலி மருந்தும் மயக்க மருந்தும்கூட அதைச் செய்யும். காரணம் தெரிந்தால்தான் அட்ரினலின் கையில் இருக்கும். தொடையிலும் நெஞ்சிலும் உள்ள பழுப்புப் புள்ளிகள் தேய்த்ததும் தடித்துச் சிவக்கின்றனவா என்று பார்க்கச் செலவில்லை. மாஸ்ட் செல்கள் சுரக்கும் டிரிப்டேஸ் இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். எலும்பு மட்டும் பாதிக்கப்பட்டவருக்குத் தோலும் டிரிப்டேசும் இயல்பாகவே இருக்கலாம். அங்கே இடுப்பெலும்பு மச்சைச் சோதனையே தீர்ப்புச் சொல்லும்.

ஹிஸ்டமின் மிகுதியால் இவர்களுக்கு இரைப்பைப் புண் வரக்கூடும். பிஸ்பொஸ்பொனேட் வகையைச் சேர்ந்த அலெண்ட்ரோனேட் மாத்திரையோ உணவுக்குழாயை அரிக்கும். ஆகவே ஆண்டுக்கொருமுறை நரம்பில் ஏற்றும் அதே வகையான 5 மில்லிகிராம் சொலெட்ரோனிக் அமிலமே பொருத்தம், கல்சியமும் விட்டமின் டியும் முதலில் சீராக்கப்பட்டபின். ஒவ்வாமை மாத்திரையால் அரிப்பு அடங்கியது போதாதா என்றால், போதாது. அதனால் எலும்பு தேறுமென்பதற்குச் சான்றில்லை. வன்னியில் இன்னொரு தடை உண்டு. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவையும் தொட்டிருக்கிறது. கிரியற்றினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 35 மில்லிலீற்றருக்குக் கீழானால் சொலெட்ரோனிக் அமிலம் கூடாது. அங்கே டெனோசுமாப் ஊசி கைகொடுக்கலாம். ஆனால் நலிந்த சிறுநீரகத்தில் அது கல்சியத்தை ஆபத்தாகக் குறைக்கும். அதன் ஆறுமாதத் தவணை தவறினால் முள்ளெலும்புகள் அடுத்தடுத்து உடையலாம். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ மாரியில் வந்துபோக முடியுமா என்று கேட்டறியாமல் அதைத் தொடங்குவது தவறு. மாற்றமடைந்த கிட்டையே தடுக்கும் அவாப்ரிட்டினிப் மருந்தை இந்நோயின் மந்தமான வகைக்கும் 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. எலும்பைக் காக்கும் மருந்து அதனோடும் தொடரவேண்டும்.