பல்லாங்குழியும் சொங்காக்கும்



"இந்தப் பிள்ளை எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறதே!" என்ற புலம்பல் இன்று மலாக்கா நகரிலும் கேட்கிறது, ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டப்புறங்களிலும் கேட்கிறது. திரையில் ஆடும் புதிர் விளையாட்டு அறிவை வளர்க்குமா, கெடுக்குமா? விடை தேடுமுன், நம் லயத்து வாசலில் ஆடிய ஒரு பழைய ஆட்டத்தைச் சற்றே பார்த்து வருவோம்.

மலாயாவில் வணிகத்திற்கென ரப்பர் முதன்முதல் பயிரான இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். 1896-ல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் அங்கே கன்று நட்டார். தோட்டங்கள் பெருகப் பெருக, திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே நம்மவர் கப்பலேறினர். அவர்களுடைய தகரப் பெட்டியில் பல்லாங்குழிப் பலகைக்கு இடமிருந்ததோ இல்லையோ, ஆட்டம் மனத்திலேயே வந்துவிடும். மண்ணில் பதினான்கு குழி தோண்டினால் பலகை ஆயிற்று. புளியங்கொட்டை கிடைக்காவிட்டால் கூழாங்கல் ஆயிற்று.

பக்கத்துக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து காய் என்பது ஒரு வழக்கம். ஆறு என்பதும் உண்டு, பன்னிரண்டு என்பதும் உண்டு. ஒரு குழியில் உள்ளதை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் காய் விழுந்ததும் அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை அள்ளிக்கொள்ளலாம். அத்துடன் கை மாறும். இடையே ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். இந்தப் பசுவையும் ஒப்புக்கொள்ளாத முறைகள் உண்டு.

ஆக, ஒரே ஆட்டம் வீட்டுக்கு வீடு வேறு. பல மாவட்டத்தார் ஒரே லயத்தில் குடியிருந்தபோது, அடுத்த வீட்டுத் திண்ணையில் ஆட உட்காரும் சிறுமி முதலில் முறையைக் கேட்டறிய வேண்டியிருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

தோட்டத்து எல்லையைத் தாண்டிக் கம்பத்துக்குள் போனாலோ, அங்கே சொங்காக். மலாய் மக்களின் ஆட்டம் இது. நம் பல்லாங்குழிக்கு உடன்பிறப்பு. இலங்கையில் ஒலிந்த கெலிய என்றும், பிலிப்பைன்ஸில் சுங்கா என்றும், ஆப்பிரிக்காவில் பற்பல பெயர்களிலும் வழங்கும் குடும்பம் இது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சொங்காக் பலகையின் இரு நுனியிலும் ஒவ்வொரு பெருங்குழி இருக்கும். அது ஆடுபவரின் 'வீடு'. கடைசிக் காய் தன் வீட்டில் விழுந்தால் மீண்டும் ஆடலாம். காய் நிறைந்த குழியில் விழுந்தால் அந்தக் குழியையே அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழியை அன்று!

இந்தச் சிறு வேறுபாட்டில்தான் நம் செய்தி இருக்கிறது. பல்லாங்குழியில் பழகிய கை தானாகவே அடுத்த குழிக்குப் போகும். சொங்காக்கில் அந்தக் கையைத் தடுத்து நிறுத்த வேண்டும். பழகியதை விட்டுப் புதிய விதிக்கு மாறும் இத்திறனையே உளநூலார் நெகிழ்ச்சியான சிந்தனை என்கின்றனர்.

இனித் திரைக்கு வருவோம். நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஓய், மைக்கேல் பேட்டர்சன் என்னும் இருவர் நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. விளையாட்டுப் பழக்கமில்லாத 52 மாணவர்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினரையும் ஒவ்வொரு விளையாட்டை 20 மணி நேரம் ஆடச் செய்தனர். ஒன்று சுடும் விளையாட்டு, ஒன்று பழம் வெட்டுவது, ஒன்று போர்த்தந்திரம். நான்காவது 'கட் த ரோப்' என்னும் புதிர். கயிற்றை அறுத்து, மிட்டாயை ஒரு குட்டி உயிரின் வாயில் விழச் செய்வது. படிக்குப் படி அதில் புதுப்பொருள் வந்து சேரும். நேற்றைய உபாயம் இன்று செல்லாது. வேலைக்கு வேலை மனத்தை மாற்றுதல், கவனச் சிதறலைத் தடுத்தல் போன்ற திறன்களில் முன்னேறியவர் இப்புதிரை ஆடியவர்களே. மற்ற மூன்றில் அந்த ஏற்றம் காணப்படவில்லை.

இதைக் கேட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்க வேண்டாம்! 52 பேர் சிறு கூட்டம். மூளைப் பயிற்சி என்று விற்கப்படும் விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வுகளை அமெரிக்க உளநூலார் சிலர் திரட்டி 2016-ல் ஆராய்ந்தபோது, பயின்ற வேலையில் திறன் கூடுகிறது. அன்றாட வாழ்வுக்கு அது பரவுவதற்குச் சான்று மிகக் குறைவு என்றே கண்டனர். ஒரே விளையாட்டை, ஒரே படியைத் திரும்பத் திரும்ப ஆடுவது பழக்கத்தை உறுதியாக்குமே தவிர, பழக்கத்தை விடுவதற்குப் பயிற்சி தராது என்பது எம் கருத்து. பல்லாங்குழிக்கும் இது பொருந்தும். ஒரே வீட்டு முறையில் ஆயுள் முழுதும் ஆடியவரைவிட, மூன்று வீட்டு முறைகளில் ஆடியவருக்கே மாற்றம் எளிதாக வரும் என்று தோன்றுகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் பல இடிக்கப்பட்டன, நம்மவர் அடுக்குமாடிகளுக்குக் குடிபோயினர். அங்கே குழி தோண்ட மண் ஏது? ஆயினும் மலாக்காவில் சொங்காக் பலகை விலைக்குக் கிடைக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, இருபக்கத்துப் பெருங்குழிகளையும் ஒதுக்கிவிட்டு ஆடினால் அது பல்லாங்குழிப் பலகைதான். பாட்டி ஒருபுறமும் பெயர்த்தி ஒருபுறமுமாக அமர்ந்து, முதல் ஆட்டம் நம் முறை, இரண்டாம் ஆட்டம் கம்பத்து முறை என்று பேசிக்கொள்ளட்டும். இரண்டாம் ஆட்டத்தில் பாட்டியின் கைதான் முதலில் தவறும்.