அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு

வேறு நாட்டில் பிறந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறியவர்கள், அந்நாட்டின் குடியுரிமையைப் பெறுவதற்கு முன் எதிர்கொள்ளும் தேர்வு இது. ஆங்கிலம் பேச, படிக்க, எழுதத் தெரியுமா என்று பார்ப்பது ஒரு பகுதி. அமெரிக்க வரலாறு, அரசமைப்பு ஆகியவற்றில் அடிப்படை அறிவு உண்டா என்று பார்ப்பது மற்றொரு பகுதி. குடிமையியல் தேர்வு எனப்படும் இந்த இரண்டாம் பகுதியின் வரலாறே இங்கு விவரிக்கப்படுகிறது. நீதிபதி ஒருவரின் மனப்போக்கில் தொடங்கிய இத்தேர்வு, கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே வெளியிடப்படும் பொதுத் தேர்வாக மாற ஒரு நூற்றாண்டு பிடித்தது.

தேர்வு இல்லாத காலம்

குடியுரிமை பற்றிய முதல் சட்டம் 1790-இல் இயற்றப்பட்டது. இரண்டு ஆண்டுகள் நாட்டில் வசித்த, நன்னடத்தை உள்ள, 'சுதந்திரமான வெள்ளையர்' எவரும் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்றது அது. வசிக்க வேண்டிய காலம் 1795-இல் 5 ஆண்டுகளாகவும் 1798-இல் 14 ஆண்டுகளாகவும் உயர்ந்தது. 1802-இல் மீண்டும் 5 ஆண்டுகள் ஆயிற்று. பெரும்பாலான விண்ணப்பதாரர்களுக்கு இன்றும் அதுவே விதி.

வரலாற்று அறிவை இச்சட்டங்கள் கேட்கவில்லை. அரசமைப்பின் கொள்கைகளில் பற்றுள்ளவராக நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே 1795 முதல் நிபந்தனை. அந்தப் பற்றை எப்படி அளப்பது என்று சட்டம் சொல்லாததால், ஒவ்வொரு நீதிபதியும் தமக்குச் சரியெனப்பட்டதைச் செய்தார். சில நீதிமன்றங்கள் ஒன்றும் கேட்காமல் உறுதிமொழி ஏற்க வைத்தன. தேர்தல் நெருங்கும்போது, நியூயார்க் போன்ற நகரங்களில் அரசியல் கட்சியினர் குடியேறிகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்து குடிமக்களாக்கி, வாக்குச் சாவடிக்கு அனுப்பினர்.

நீதிபதியின் கேள்விகள்

இந்த முறைகேடுகளைக் களைய 1906-இல் புதிய சட்டம் வந்தது. குடியுரிமைப் பணிகளைக் கண்காணிக்க நடுவண் அரசில் ஓர் அலுவலகம் ஏற்பட்டது. நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பப் படிவம் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியும் அப்போது புகுந்தது. குடியரசுத் தலைவர் யார், சட்டம் இயற்றுவது யார் என்பன போன்ற கேள்விகளை நீதிபதிகளும் அவர்களுக்கு உதவிய அரசு ஆய்வாளர்களும் வழக்கமாகக் கேட்கத் தொடங்கினர். ஆயினும் எதைக் கேட்பது, எத்தனை கேட்பது என்பதற்கு அளவுகோல் இல்லை. ஒரு நகரில் தேறியிருக்கக்கூடியவர் அடுத்த நகரில் தோற்க நேர்ந்தது.

கேள்வி வந்ததும் பாடமும் வந்தது. டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலை, 1914 முதல் தன் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பள்ளி நடத்தியது. அரசின் குடியுரிமை அலுவலகம் பொதுப் பள்ளிகளுடன் சேர்ந்து மாலை வகுப்புகளை ஊக்குவித்தது. 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற பெண்கள் சங்கம் குடியேறிகளுக்கான கையேட்டைப் பல மொழிகளில் அச்சிட்டு வழங்கியது.

1855 முதல், கணவன் குடிமகனானால் மனைவியும் தானாகவே குடிமகளாகி வந்தாள். 1922-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதன்பின் திருமணமான பெண்களும் தாங்களே விண்ணப்பித்து, கேள்விகளுக்குத் தாங்களே விடை சொல்ல வேண்டியதாயிற்று. படிக்க நேரமில்லாத தாய்மார்களுக்கு அது சுமையாக இருந்தது. அதே வேளையில், பெண்ணைத் தனி ஆளாகச் சட்டம் ஏற்றுக்கொண்டதற்கு அதுவே சான்று.

இனத்தடை

எவ்வளவு வரலாறு தெரிந்திருந்தாலும் திறக்காத ஒரு கதவு இருந்தது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினர் குடியுரிமைக்குத் தகுதி பெற்றனர். ஆசியர்கள் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திண்டின் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

இத்தடையின் அநியாயத்தைக் காட்ட தலீப் சிங் சவுந்தின் வாழ்க்கை ஒன்றே போதும். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1924-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அவருக்குக் குடியுரிமை கிடைத்தது 1949-இல். இந்தியர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் இருந்த தடையை 1946-இல் லூஸ்–செல்லர் சட்டம் நீக்கியதால்தான் அதுவும் சாத்தியமாயிற்று. 1956 தேர்தலில் வென்று, அமெரிக்கக் காங்கிரஸில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கரானார் சவுந்த். இனத்தடை முழுவதையும் 1952-ஆம் ஆண்டின் சட்டம் அகற்றியது.

சட்டத்தில் ஏறிய வரலாறு

வரலாற்று அறிவு எழுத்துவடிவச் சட்டத்தில் கட்டாயமானது 1950-இல். பொதுவுடைமை அச்சம் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், ஆங்கிலம் பேசுவதோடு படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும் என்றது. அமெரிக்க வரலாற்றின் அடிப்படைகளும் அரசின் கொள்கைகளும் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. குடியரசுத் தலைவர் ட்ரூமனின் மறுப்பாணையை மீறி 1952-இல் நிறைவேறிய குடிவரவு, குடியுரிமைச் சட்டம் இதே நிபந்தனையைத் தக்கவைத்தது. இன்றைய தேர்வுக்கும் சட்ட அடிப்படை அதுவே. 'அடிப்படைகள்' எவை என்று மட்டும் சட்டம் வரையறுக்கவில்லை.

வாக்குரிமையில் நடந்த அநீதி

இதே காலத்தில், நாட்டிலேயே பிறந்த கறுப்பின மக்களிடமும் அரசமைப்பு அறிவு சோதிக்கப்பட்டது. குடியுரிமைத் தேர்வுடன் சட்டத் தொடர்பு இல்லையென்றாலும், தேர்வு என்பது எப்படிக் கருவியாகும் என்பதை அது காட்டுகிறது. மிசிசிப்பி மாநிலத்தின் 1890 அரசமைப்பு, வாக்காளராகப் பதிய விரும்புபவர் அரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ விளக்கவோ வேண்டும் என்றது. விளக்கம் சரியா என்று முடிவுசெய்யும் அதிகாரம் பதிவு அலுவலரின் கையில் இருந்தது, அவர் வெள்ளையர். 1962-இல் இந்தியனோலா நகருக்குப் பதியச் சென்ற தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமரிடம், மாநில அரசமைப்பின் கடினமான பகுதி ஒன்றை விளக்கச் சொன்னார்கள். அவர் தேறவில்லை. தம் பெயரைப் பதிய முயன்ற அதே நாளில், வேலையும் குடியிருந்த இடமும் அவர் கையைவிட்டுப் போயின.

1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், பாகுபாடு நிலவிய பகுதிகளில் இத்தேர்வுகளை நிறுத்தியது. 1970-இல் தடை நாடு முழுவதற்கும் விரிந்து, 1975-இல் நிரந்தரமானது.

நூறு கேள்விகள்

குடியுரிமைத் தேர்வைச் சீர்ப்படுத்தும் தேவை 1986-இல் எழுந்தது. அவ்வாண்டுச் சட்டத்தின் வழி, ஆவணமின்றி வாழ்ந்துவந்த சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படியான குடியிருப்புரிமை பெற்றனர். அதற்கு அவர்களும் எளிய ஆங்கிலமும் குடிமையியலும் கற்க வேண்டியிருந்தது. அத்தனை பேரை ஆளுக்கொரு விதமாகச் சோதிக்க முடியாது. குடிவரவுத் துறை பாடநூல்களையும் நூறு மாதிரிக் கேள்விகள் கொண்ட பட்டியலையும் தயாரித்தது. 1990-ஆம் ஆண்டின் சட்டம், குடியுரிமை வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து நிர்வாகத் துறைக்கு மாற்றியது.

பட்டியல் இருந்தபோதும் குறைகள் தீரவில்லை. கொடியின் நிறங்கள் எவை, வெள்ளை மாளிகை எங்கே இருக்கிறது, குடியுரிமைக்கு எந்த எண்ணுள்ள படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பன போன்ற துணுக்குகள் அதில் நிறைந்திருந்தன. எத்தனை கேட்பது, எந்தச் சொற்களில் கேட்பது என்பதில் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபாடு நீடித்தது. பார்பரா ஜோர்டன் தலைமை வகித்த குடிவரவுச் சீர்திருத்த ஆணையம், அவர் மறைவுக்குப் பின் 1997-இல் அளித்த இறுதி அறிக்கையில், தேர்வை ஒரே சீராக்கவும் பொருளுள்ளதாக்கவும் வலியுறுத்தியது.

2008, 2020, 2025

பல ஆண்டு ஆய்வுக்கும் 10 நகரங்களில் நடந்த வெள்ளோட்டத்துக்கும் பிறகு, புதிய தேர்வு 2008 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் 100 கேள்விகள்: அரசமைப்பும் ஆட்சியும் பற்றி 57, வரலாறு பற்றி 30, புவியியல், சின்னங்கள், விடுமுறைகள் பற்றி 13. அலுவலர் வாய்மொழியாக 10 வரை கேட்பார். 6-க்குச் சரியாக விடை சொன்னால் தேர்ச்சி. பல கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் ஏற்கப்பட்டன. உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற சிக்கல் ஒன்றைக் கூறுக என்றால், அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள் மூன்றில் எதுவும் சரியே.

2020 டிசம்பரில் டிரம்ப் அரசு பட்டியலை 128 கேள்விகளாக விரித்தது. 20 கேட்டு 12 சரியாக வேண்டும் என்றது. செனட் உறுப்பினர் யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறார் என்ற கேள்விக்கு, முன்பு 'மாநிலத்தின் எல்லா மக்களையும்' என்பது விடை. புதிய பட்டியல் அதை 'மாநிலத்தின் குடிமக்களை' என்று மாற்றியதால் கடும் எதிர்ப்பு எழுந்தது. பைடன் அரசு 2021 மார்ச்சில் 2008 தேர்வுக்கே திரும்பியது. டிரம்பின் இரண்டாம் ஆட்சியில் 128 கேள்விகள் மீண்டும் வந்தன. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இதுவே தேர்வு. 12 சரியான விடைகளோ 9 தவறுகளோ எட்டியதும் அலுவலர் கேள்விகளை நிறுத்திவிடுவார்.

சலுகைகள்

முதல் முறை தவறியவருக்கு 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. 50 வயதைக் கடந்து 20 ஆண்டுகளோ, 55 வயதைக் கடந்து 15 ஆண்டுகளோ கிரீன் கார்டுடன் வாழ்ந்தவர்கள் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் தம் தாய்மொழியில் விடை கூறலாம். பிள்ளைகளோடு குடியேறி அங்கேயே முதுமை எய்தும் தமிழ்ப் பெற்றோர் தமிழிலேயே தேர்வை முடிக்க இவ்விதி இடம்தருகிறது. 65 வயதைக் கடந்து 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் 20 கேள்விகள் மட்டும் கொண்ட சிறு பட்டியலைப் படித்தால் போதும். உடல் அல்லது மனக் குறைபாட்டால் கற்க இயலாதவர்கள் மருத்துவச் சான்றுடன் விலக்குக் கோரலாம். லாவோஸில் அமெரிக்காவுக்காகப் போரிட்ட ஹ்மோங் மக்களுக்கென 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

பிறப்பால் குடிமக்கள்

குடியேறியவர்களிடம் கேட்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்ற கவலை அமெரிக்கர்களுக்குப் பழையது. டெக்சாஸ் மாணவர்களிடையே நடத்தப்பட்டு 1917-இல் வெளியான ஆய்வே வருந்தத்தக்க மதிப்பெண்களைக் காட்டியது. 1943-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 7,000 கல்லூரி முதலாண்டு மாணவர்களைச் சோதித்தபோது, தொடக்கக்காலக் குடியேற்றங்கள் 13-இன் பெயர்களையும் சொன்னவர்கள் 6 விழுக்காட்டினரே. அப்பணிக்காக அந்த இதழ் 1944-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2022-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், எட்டாம் வகுப்பினரில் 13 விழுக்காட்டினர் மட்டுமே வரலாற்றில் தேர்ச்சி நிலையை எட்டினர்.

குடியுரிமைத் தேர்வில் அமெரிக்கர்களில் மூவரில் ஒருவரே தேறுவார் என்று உட்ரோ வில்சன் அறக்கட்டளை 2018-இல் நடத்திய கணிப்பு காட்டியது. விண்ணப்பதாரர்களிலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறுகிறார்கள். பட்டியலை வைத்துப் பயின்று வருபவர்களையும் திடீரென்று கேட்கப்பட்டவர்களையும் நேராக ஒப்பிடுவது நியாயமாகாது. இருந்தாலும், பயிற்சியால் எவரும் எட்டக்கூடிய அறிவு இது என்பதை அந்த இடைவெளி உறுதிப்படுத்துகிறது. 2015 ஜனவரியில் அரிசோனா, பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு இதே 100 கேள்விகளில் 60-க்குச் சரியான விடை வேண்டும் என்று முதன்முதலில் சட்டம் இயற்றியது. பின்னர் வேறு பல மாநிலங்களும் இக்கேள்விகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன.

மதிப்பீடு

மனப்பாடம் செய்த நூறு விடைகள் வரலாற்று உணர்வாகிவிடாது என்று கல்வியாளர்கள் கூறும் குறை உண்மையானது. ஆண்டையும் பெயரையும் கேட்கும் தேர்வால் ஒருவரின் நாட்டுப்பற்றையோ நேர்மையையோ அளக்க முடியாது. ஆனால் இத்தேர்வின் வரலாறு சொல்லும் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. கேள்வியும் விடையும் அதிகாரியின் மனத்துக்குள் இருந்தவரை, அறிவு வேண்டாதவரை விலக்கும் சாக்காகப் பயன்பட்டது. அவை அச்சேறி, எல்லோருக்கும் பொதுவாகி, நூலகத்தில் இலவசமாகக் கிடைத்தபோது, துப்புரவுத் தொழிலாளியும் மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து படித்துத் தேறினார்கள். 100 கேள்விகளா 128 கேள்விகளா என்ற விவாதம் ஆட்சிதோறும் தொடரலாம். பட்டியல் திறந்திருப்பதும், ஒரே அளவுகோலால் எல்லோரும் அளக்கப்படுவதுமே இத்தேர்வின் தகுதி. அவ்விரண்டையும் காப்பது எந்த அரசுக்கும் கடமை.