தீட்டுக்கல்லின் கதை



தெலுக் இந்தானைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பத்தாருக்கு உளியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. உளிக்குக் கூர் கொடுத்த கல்லைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9, நம் பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன. பிரேசில் நாட்டில் அக்காலத்தில் கைக்கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லியதாகச் சீவினால் நாள்தோறும் பால் வரும், பட்டையும் மீண்டும் வளரும் என்று கண்டறிந்தார். சீவும் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். உளி மழுங்கினால் பட்டை நசுங்கும், கை அழுத்தும், வெட்டு ஆழமாகி மரத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே பால் வெட்டுவது பெரும்பாடு.

இதைவிட நுண்ணிய கூர் வேண்டியது சவரக்கத்திக்கு. அந்தக் கல்லின் வரலாறு மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி, எண்ணெய் விட்டுத் தீட்டும் கல், தண்ணீர் விட்டுத் தீட்டும் கல் என்று வகை பிரித்துவிட்டு, சவரக் கடைக்காரர்கள் எச்சில் தொட்டுத் தீட்டும் மெல்லிய கல் ஒன்றையும் எழுதிவைத்திருக்கிறார். முகம் சுளிக்க வேண்டாம், அந்தக் காலம் அப்படி! பிற்காலத்தில் பெல்ஜியத்து மஞ்சள் கல் பெயர் பெற்றது. கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் அதில் நிறைந்திருப்பதால் இரும்பை மெல்ல அரித்துக் கூராக்கும்.

எந்த மலைக் கல்லானாலும் தீட்டத் தீட்ட நடுவில் குழிந்துவிடும். குழிந்த கல்லின் குறுக்கே நேரான கத்தியை வைத்தால் இரண்டு ஓரமும் படும், நடுப்பகுதி படாது. அடித்தளம் சரிந்தால் என்னாகும் என்பதை 1885இல் கட்டிய நம் ஊர்ச் சாய்ந்த கோபுரமே காட்டுகிறதே!

கல்லைச் சமன் செய்ய இன்னொரு கல்லோடு தேய்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஒன்று மேடாகவும் மற்றது அதற்கேற்ற குழியாகவும் தேய்ந்து, இரண்டும் அழகாகப் பொருந்தி நம்மை ஏமாற்றிவிடும். மூன்று கற்களை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் அந்த ஏமாற்று நடக்காது. உலோகத் தகடுகளுக்கு இம்முறையை 1840இல் எடுத்துரைத்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர். வீட்டில் செய்ய எளிய வழி உண்டு. கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். தடித்த கண்ணாடியின் மேல் நீர் உப்புத்தாளை வைத்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மேட்டுக் கோடுகள் முதலில் அழியும். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். பிறகு நயமான தாளில் கீறல்களைப் போக்கி, கல்லின் விளிம்புகளையும் சற்று மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரான விளிம்பு கத்தியின் வாயைப் பெயர்த்துவிடும்.

உளிக்கு வேறு வழி. அதன் வாய் மடங்கியிருப்பதால் வெளிப்புறத்துக்கு இந்தச் சமன் கல் உதவும். உட்புறத்துக்கு ஒடுக்கமான ஓரமுள்ள கல் வேண்டும்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சவரக் கடைகளிலும் மாற்று பிளேடு வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கொல்லையில் தாத்தாவின் கல் கிடந்தால் எடுத்துக் கழுவிப் பாருங்கள். நடுவில் குழி இருக்கும். தேய்ப்பதற்கு முன் பிள்ளைகளிடம் அதை ஒருமுறை காட்டுங்கள்.