தப்போடு பிழைத்த ஒரு பாட்டு



சியாட்டிலில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு பழைய இசைத்தட்டுக் கடை வாசலில் நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். "சார், இங்கிலீஷ் பாட்டுக் கடையில் உங்களுக்கு என்ன வேலை?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் 'கராஜ் ராக்' ரசிகன், அவ்வளவுதான். அது என்ன என்று சொல்ல ஒரே ஒரு பாட்டின் வரலாறு போதும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்க வீடுகளில் கார் நிறுத்தும் அறைதான் கராஜ். 1960களில் பள்ளிக்கூடப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அந்த அறையில் கிடாரும் டிரம்ஸும் வைத்து அடித்துப் பழகினார்கள். முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் குறைவு. அதனால் பின்னாளில் இந்த வகைப் பாட்டுக்கு கராஜ் ராக் என்று பெயர் வந்தது.

நான் சொல்லவந்த பாட்டு 'லூயி லூயி'. எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பினப் பாடகர். ஊரில் விட்டுவந்த காதலியைப் பார்க்கக் கடல் கடந்து போகத் துடிக்கும் ஒருவன், லூயி என்பவரிடம் மனம்விட்டுப் பேசுகிறான். பாட்டின் விஷயம் இவ்வளவுதான். 1957இல் தட்டு வெளிவந்தது, பெரிதாக ஓடவில்லை. கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்ததால், பாட்டின் உரிமையில் தன் பங்கை 750 டாலருக்கு விற்றுவிட்டார் பெர்ரி. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களில் இளைஞர்கள் ஆடும் நடன அரங்குகளில் அந்தப் பாட்டு ஒட்டிக்கொண்டது. 1961இல் டகோமா ஊர்க் குழுவான வெய்லர்ஸோடு சேர்ந்து ராபின் ராபர்ட்ஸ் அதைப் பாடித் தட்டு போட்டார். அதன்பிறகு அந்த வட்டாரத்தில் லூயி லூயி வாசிக்கத் தெரியாத குழு மேடை ஏற முடியாது என்ற நிலை.

1963 ஏப்ரலில் போர்ட்லாந்து நகரில் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு, சுமார் 50 டாலர் செலவில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தது. மைக் உயரத்தில் தொங்கியது. பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து நின்று கத்திப் பாடினார். போதாததற்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தார். வார்த்தை எதுவும் விளங்கவில்லை. நடுவில் கிடார் தனி வாசிப்பு முடிந்ததும், இடம் வருவதற்கு முன்பே பாட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்துகிறார். டிரம்ஸ்காரர் நாலு தட்டு தட்டிச் சமாளிக்கிறார். அந்தத் தப்பு அப்படியே தட்டில் ஏறிவிட்டது. இன்றும் கேட்கலாம்.

ஏறக்குறைய அதே நாட்களில், அதே ஸ்டுடியோவில், பால் ரிவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் குழுவும் இதே பாட்டைப் பதிவு செய்தது. அது சுத்தமான வாசிப்பு. அதைப் பெரிய கம்பெனியான கொலம்பியா எடுத்துக்கொண்டது. ஆனால் ஓடியது எது? பாஸ்டன் நகர வானொலியில் ஆர்னி கின்ஸ்பர்க் என்பவர், கிங்ஸ்மென் தட்டை 'இந்த வாரத்தின் மோசமான தட்டு' என்று கேலியாகப் போட்டார். கேட்டவர்கள் கடைக்குப் போய் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். 1963 டிசம்பரில் அது அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது.

வார்த்தை விளங்காததால் பிள்ளைகள் தாங்களாகவே ஆபாச வரிகளைக் கற்பனை செய்துகொண்டார்கள். பெற்றோர் பதறினார்கள். இண்டியானா மாநில ஆளுநரே இந்தப் பாட்டை ஒலிபரப்பக் கூடாது என்றார். ஒரு தகப்பனார் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். எஃப்.பி.ஐ. விசாரணையில் இறங்கியது. தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் இரண்டு ஆண்டு, நூறு பக்கத்துக்கு மேல் கோப்பு. கடைசியில் எந்த வேகத்தில் ஓட்டினாலும் விளங்கவில்லை என்பதுதான் முடிவு!

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதை சுமார் 7 கோடி பேர் பார்த்தார்கள். அடுத்த நாளே ஊருக்கு ஊர் பையன்கள் கிடார் வாங்கக் கிளம்பினார்கள். பள்ளி உடற்பயிற்சிக் கூடம், சறுக்கு விளையாட்டு அரங்கம் என்று எங்கும் கச்சேரி, குழுக்களுக்குள் போட்டி. கைக்காசு போட்டு 500, 1000 என்று சின்னத் தட்டுகள் அச்சிட்டார்கள். டகோமாவின் சோனிக்ஸ் குழுவைக் கேட்டுப் பாருங்கள், தொண்டை கிழியும் கத்தல். மிச்சிகனில் மெக்சிகோ வம்சாவளி விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் குழு ஒன்று, ஒரு வீட்டில் பதிவு செய்த '96 டியர்ஸ்' பாட்டு 1966இல் முதலிடமே பிடித்தது.

ஆனால் பெரும்பாலான குழுக்கள் நாலைந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. சிலர் கல்லூரிக்குப் போனார்கள், சிலருக்கு வியட்நாம் போருக்கு அழைப்பு வந்தது. தட்டுகள் பழைய சாமான் கடைகளில் காசுக்கு நாலாகக் கிடந்தன.

அவற்றைக் காப்பாற்றியது கம்பெனிகள் அல்ல, ரசிகர்கள். நியூயார்க்கில் பழைய தட்டுக் கடையில் வேலை பார்த்த லென்னி கே, 27 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, 1972இல் எலெக்ட்ரா நிறுவனம் மூலம் 'நகெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டைக் கொண்டுவந்தார். பிறகு வேறு ரசிகர்கள் 'பெபிள்ஸ்', 'பேக் ஃப்ரம் த கிரேவ்' என்ற வரிசைகளில், யாரும் கேள்விப்படாத ஊர்க் குழுக்களையும் தேடிப் பிடித்துத் தொகுத்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்காக 2007இல் சோனிக்ஸ் குழு நியூயார்க்கில் மறுபடி மேடை ஏறியது. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் விமானி, ஒருவர் இன்சூரன்ஸ் தொழில். அறுபதைத் தாண்டியவர்கள் முன்னால் இருபது வயசுப் பிள்ளைகள் குதிக்கும் காட்சியை யூடியூபில் பாருங்கள். என் வயசுக்காரனுக்கு அதைவிட டானிக் வேண்டாம்.

ஆனால் பிள்ளைகளே, ரசிப்பு வேறு, கூலி வேறு. கிங்ஸ்மென் தட்டு ஓடத் தொடங்கும் முன்பே, அதைப் பாடிய ஜாக் ஈலி குழுவை விட்டு வெளியேறும்படி ஆயிற்று. அவர் குரலுக்கு மேடையில் வேறொருவர் வாயசைத்தார். பெர்ரியின் பாட்டை நூற்றுக்கணக்கானோர் பாடினார்கள், விற்ற பங்குக்காக அவர் கைக்கு வந்தது அந்த 750 டாலர்தான். 1980களில் ஒரு ஒயின் கூலர் பான விளம்பரத்துக்கு அந்தப் பாட்டு தேவைப்பட்டு, கையெழுத்துக்காக அவரைத் தேடி வந்தார்கள். அதன்பிறகு வழக்கறிஞர் மூலம் உரிமையில் ஒரு பங்கைத் திரும்பப் பெற்றார். முப்பது ஆண்டுக்குப் பின்னாவது நியாயம் கிடைத்தது. அது கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

நம் நாட்டிலும் இந்த அலை அடித்தது. சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் 'சிம்லா பீட்' என்று இளைஞர் குழுக்களுக்குப் போட்டி நடத்தி, 1970இலும் 1971இலும் இசைத்தட்டு வெளியிட்டார்கள். இங்கே மறந்துபோன அந்தத் தட்டுகளை வெளிநாட்டு ரசிகர்கள்தான் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார்கள்.

உங்கள் தாத்தா, பெரியப்பா வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டோ, கேசட்டோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து வையுங்கள். பாடியவர் யார், எழுதியவர் யார் என்று உறையைப் படித்து ஒரு தாளில் குறித்து அதோடு வையுங்கள். என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள், படமும் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவேன்.